புரூஸ்டர் கவுண்டியில் குடிபோதை விபத்து வழக்கின் பதிவுகளை எங்கே தேடுவது?

ஆஸ்டினில் வேலை பார்க்கும் உங்கள் தம்பி, நான்கு மாதங்களுக்கு முன் பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குப் போய்விட்டு நண்பர்களுடன் திரும்பும்போது, மேற்கு டெக்சாஸின் புரூஸ்டர் கவுண்டியில் (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) எதிரே வந்த பிக்கப் வண்டி மோதியதில் கால் முறிந்து அறுவை சிகிச்சை வரை போயிருக்கிறார். வண்டியை ஓட்டியவர் குடித்திருந்ததையும், அவரைக் கைவிலங்கிட்டுக் கொண்டுபோனதையும் தம்பியே பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. இணையத்தில் தேடினால் முப்பது டாலர் கட்டச் சொல்லும் தளங்கள்தான் வருகின்றன. "ஒருவருக்கொருவர் தெரிந்த சின்ன ஊர், வழக்கையே அமுக்கிவிட்டார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தச் சந்தேகம் எனக்குப் புரிகிறது. ஆனால் நான்கு மாதத்தில் நீதிமன்றப் பதிவு எதுவும் கண்ணில் படவில்லை என்பதை மட்டும் வைத்து அப்படி முடிவுகட்டிவிடாதீர்கள். நான் வழக்கறிஞர் அல்ல. டெக்சாஸில் ஒரு சட்ட அலுவலகத்துக்காகக் கவுண்டி அலுவலகங்களிலிருந்து கோப்புகளைத் தேடி எடுத்துக் கொடுப்பது என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இந்த மாதிரிச் சம்பவத்துக்கு ஒரே இடத்தில் ஒரே பதிவு என்று எதுவும் இருப்பதில்லை. கைது ஒரு அலுவலகத்தில், விபத்து அறிக்கை இன்னொன்றில், இரத்தப் பரிசோதனை மற்றொன்றில், வழக்கு வேறொன்றில் என்று சிதறிக் கிடக்கும். எந்தத் துண்டு யாரிடம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

புரூஸ்டர், டெக்சாஸிலேயே பரப்பளவில் மிகப் பெரிய கவுண்டி. சுமார் 6,190 சதுர மைல், அதாவது ஏறத்தாழ 16,000 சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பில் அங்கே வசித்தவர்கள் 9,546 பேர் மட்டுமே. தலைநகரான ஆல்பைனில்தான் நீதிமன்றமும் சிறையும், கவுண்டியின் காவல் தலைவரான ஷெரிஃபின் அலுவலகமும் இருக்கின்றன. டல்லாஸ், ஹூஸ்டன் போன்ற இடங்களில் பெயரைத் தட்டினால் வழக்கு விவரம் திரையில் வந்து நிற்கும். இங்கே அதை எதிர்பார்க்கக் கூடாது. மறுபக்கம், இங்கே தொலைபேசியை எடுப்பவரே கோப்பு அலமாரியைத் திறப்பவராகவும் இருப்பார். மரியாதையாகவும் தெளிவாகவும் கேட்டால், பெருநகரத்தில் கிடைக்காத பதில் இங்கே கிடைக்கும்.

விபத்து நடந்தது பூங்கா எல்லைக்கு உள்ளேயா, வெளியேயா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். புரூஸ்டர் கவுண்டியின் தென்பகுதியில் பெரும் நிலப்பரப்பு பிக் பெண்ட் தேசியப் பூங்காதான். அதற்குள் பூங்கா ரேஞ்சர்கள் ஒருவரைக் குடிபோதைக்காகக் கைது செய்தால், அது பெரும்பாலும் கூட்டாட்சி வழக்காகிவிடும், அதாவது மாநிலத்துடையதல்ல, அமெரிக்க மத்திய அரசின் வழக்கு. டெக்சாஸ் மேற்கு மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றத்தின் மாஜிஸ்திரேட் நீதிபதி முன் போகும். அப்படியானால் கவுண்டி அலுவலகங்களில் எத்தனை முறை கேட்டாலும் "அப்படி ஒரு பெயரே இல்லை" என்றுதான் சொல்வார்கள்; அவர்கள் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். கூட்டாட்சி வழக்குகளைப் பேசர் என்ற இணைய அமைப்பில் தேடலாம். பக்கத்துக்குப் பத்து சென்ட் கட்டணம். ஒரு காலாண்டில் முப்பது டாலருக்குள் பார்த்தால் அதையும் வசூலிப்பதில்லை. ஆனால் ரேஞ்சர் கொடுத்த டிக்கெட்டோடு முடிகிற சிறு குற்றங்கள் பல சமயம் பேசரில் ஏறுவதில்லை. அதற்கு நீதிமன்ற எழுத்தரையே கேட்க வேண்டும். டெர்லிங்குவா, ஸ்டடி பியூட் பக்கம் பூங்கா எல்லையைத் தாண்டி, ஆல்பைனுக்கு வரும் 118ஆம் நெடுஞ்சாலையில் நடந்திருந்தால் அது மாநில வழக்கு. தம்பி சொல்வதைப் பார்த்தால் அதுதான் நடந்திருக்கிறது என்று தோன்றுகிறது. மேற்கொண்டு அப்படியே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இணையத்தளங்களுக்குக் கொடுக்க நினைத்த முப்பது டாலரில் ஆறு டாலரை எடுத்து விபத்து அறிக்கையை வாங்குங்கள். சிஆர்-3 என்று அதற்குப் பெயர். காயமோ உயிரிழப்போ ஏற்பட்ட விபத்தை விசாரித்த அதிகாரி பத்து நாட்களுக்குள் அதை டெக்சாஸ் போக்குவரத்துத் துறைக்கு அனுப்பியாக வேண்டும். அந்தத் துறையின் இணையதளத்திலேயே வாங்கலாம். சாதாரணப் பிரதி ஆறு டாலர், சான்றளித்த பிரதி எட்டு டாலர். வெளியாட்களுக்குப் பல விவரங்களை மறைத்துத்தான் கொடுப்பார்கள். உங்கள் தம்பி விபத்தில் சிக்கியவர் என்பதால் முழு அறிக்கையும் கிடைக்கும். அதில் எதிரே வந்தவரின் முழுப்பெயர், பிறந்த தேதி, விபத்து நடந்த இடம், விசாரித்த காவல் அமைப்பு, அதிகாரியின் பெயர் எல்லாம் இருக்கும். மது சோதனைக்கு மூச்சு எடுத்தார்களா, இரத்தம் எடுத்தார்களா, அல்லது அவர் மறுத்தாரா என்பதற்கும் ஒரு கட்டம் உண்டு. எந்தக் குற்றச்சாட்டில் பிடித்தார்கள் என்பதற்கும் இடம் ஒதுக்கியிருப்பார்கள். இந்தத் தாள் கையில் இல்லாமல் மற்ற அலுவலகங்களுக்குப் போன் செய்வது நேர விரயம். பெயர் சரியாகத் தெரியாவிட்டால் இந்தப் பகுதியில் இன்னும் சிக்கல்; ஒரே ஸ்பானியப் பெயரும் குடும்பப்பெயரும் கொண்டவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். பிறந்த தேதியை ஒப்பிட்டுப் பார்க்காமல் எந்தப் பதிவையும் "இவர்தான்" என்று நம்பாதீர்கள், அடுத்தவரிடம் சொல்லவும் செய்யாதீர்கள். தப்பு ஆளின் தலையில் குற்றத்தைக் கட்டுவது பெரிய அநியாயம்.

அடுத்தது கைதுப் பதிவு. ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையில் நடந்தால் பிடித்தது மாநில நெடுஞ்சாலைக் காவலராகவோ ஷெரிஃபின் உதவியாளராகவோ இருக்கலாம். ஆல்பைன் ஊருக்குள் என்றால் நகரக் காவல்துறை. யார் பிடித்தாலும் பெரும்பாலும் கொண்டுபோய் அடைப்பது ஆல்பைனில் இருக்கும் கவுண்டிச் சிறையில்தான். அதனால் சிறையில் சேர்த்த பதிவு ஷெரிஃபிடம் இருக்கும். சம்பவ அறிக்கை பிடித்த அமைப்பிடம் இருக்கும். இரண்டுக்கும் தனித்தனியாக எழுத்தில் கேளுங்கள். மின்னஞ்சலும் செல்லும்.

டெக்சாஸ் பொதுத் தகவல் சட்டத்தின்படி இந்தக் கோரிக்கைக்குக் காரணம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. விசாரணை நடக்கிறது என்று சொல்லி அறிக்கையின் பெரும்பகுதியை அவர்கள் மறைக்க முடியும். அதற்கும் பத்து வேலை நாட்களுக்குள் மாநில அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரலிடம் தீர்ப்பு கேட்க வேண்டும். ஆனால் அடிப்படைத் தகவலை மறைக்கவே முடியாது: கைதானவர் யார், என்ன குற்றச்சாட்டு, எங்கே, எப்போது, பிடித்த அதிகாரி யார், சம்பவத்தின் விவரம் என்ன. உங்கள் கடிதத்தில் இந்த அடிப்படைத் தகவலைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். "எல்லா ஆவணங்களும் வேண்டும்" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் இழுத்துக்கொண்டே போகும். அதிகாரியின் உடலில் பொருத்திய கேமராப் பதிவு வேண்டுமென்றால் அதற்குத் தனி விதி. தேதியும் உத்தேச நேரமும், குறிப்பான இடம், அந்தப் பதிவில் இருக்கும் ஒருவரின் பெயர் ஆகிய மூன்றும் எழுதியிருக்க வேண்டும். சிஆர்-3 கையில் இருந்தால் மூன்றும் உங்களிடம் இருக்கும்.

இனி நீதிமன்றம். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். டெக்சாஸில் முதல்முறை குடித்துவிட்டு ஓட்டியது சாதாரணமாகச் சிறு வகைக் குற்றம். அது கவுண்டி நீதிமன்றத்துக்குப் போகும். கோப்பு கவுண்டி கிளர்க்கிடம், அதாவது அந்த நீதிமன்றப் பதிவுகளைப் பராமரிக்கும் அலுவலரிடம் இருக்கும். ஆனால் யாருக்காவது கடுமையான உடற்காயம் ஏற்பட்டிருந்தால் அது போதையில் காயப்படுத்தியது என்ற பெருங்குற்றமாகிறது. மூன்றாவது முறை பிடிபட்டாலும், பதினைந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை வண்டியில் இருந்தாலும் பெருங்குற்றம்தான். அவை மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகும். கோப்பு டிஸ்ட்ரிக்ட் கிளர்க்கிடம். புரூஸ்டரில் இவை இரண்டும் தனித்தனி அலுவலகங்கள். பக்கத்துக் கவுண்டிகளான பிரசிடியோவிலும் ஜெஃப் டேவிஸிலும் ஒருவரே இரண்டையும் பார்க்கிறார்.

உங்கள் தம்பியின் கால் முறிவு சட்டத்தின் கண்ணில் கடுமையான உடற்காயமா? உயிருக்கு ஆபத்து, நிரந்தர உருச்சிதைவு, ஓர் உறுப்பு நீண்ட காலம் செயலிழப்பது ஆகியவைதான் அளவுகோல். எலும்பு முறிவு அதற்குள் வரலாம், வராமலும் போகலாம். மருத்துவப் பதிவுகளைப் பார்த்துத்தான் அரசுத் தரப்பு முடிவு செய்யும். ஆகவே இரண்டு கிளர்க்குகளிடமும் கேட்க வேண்டும். ஓர் அலுவலகத்தில் "இல்லை" என்றதும் வழக்கே இல்லை என்று எண்ணி மனம் உடைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கோப்பு அதே ஊரில் அடுத்த அலுவலகத்தில் இருக்கும்.

போனில் கேட்கும்போது முழுப்பெயரும் பிறந்த தேதியும் சொல்லி, முடிந்த வழக்கும் நிலுவையில் உள்ள வழக்கும் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். வழக்கு எண் கிடைத்துவிட்டால் டாக்கெட் தாளின் பிரதியைக் கேளுங்கள். பக்கத்துக்கு ஒரு டாலர் அளவில் ஆகும். சான்றளித்த பிரதிக்கும், பெயர் வைத்துத் தேடுவதற்கும் கூடுதலாகச் சில டாலர்கள் கேட்கலாம். வழக்கின் ஒவ்வொரு அசைவும் டாக்கெட் தாளில் ஒருவரிக் குறிப்பாக இருக்கும்: எந்த நாள் மனு வந்தது, ஜாமீன் எவ்வளவு, யார் ஆஜரானார்கள், எந்த நாளுக்கு ஒத்திவைத்தார்கள். கிராமப்புறக் கோப்புகளில் ஒத்திவைப்புகள் வரிசையாக இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். இங்கே பெருங்குற்றங்களை விசாரிக்கும் 394ஆம் மாவட்ட நீதிமன்றம் புரூஸ்டருக்கு மட்டும் உரியதல்ல. கல்பர்சன், ஹட்ஸ்பெத், ஜெஃப் டேவிஸ், பிரசிடியோ ஆகியவற்றையும் சேர்த்து ஐந்து கவுண்டிகளுக்கு ஒரே நீதிபதி. ஒரு விஷயம்: நீதிமன்றங்கள் பொதுத் தகவல் சட்டத்துக்குள் வருவதில்லை. கிளர்க்குக்கு எழுதும் கடிதத்தில் அந்தச் சட்டத்தைக் காட்டினால் திருப்பி அனுப்ப வாய்ப்புண்டு. சட்டத்தின் பெயரே சொல்லாமல் வழக்குக் கோப்பின் பிரதி வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். அது எப்படியும் பொதுப் பதிவுதான்.

இரண்டு கிளர்க்குகளிடமும் ஒன்றும் இல்லையென்றால்? உங்கள் சந்தேகத்துக்கு நேரான பதில் இங்கேதான் இருக்கிறது. கைது நடந்த உடனே நீதிமன்றத்தில் வழக்கு பதிவாகிவிடுவதில்லை. கைதானவரை 48 மணி நேரத்துக்குள் ஒரு மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி, குற்றச்சாட்டைச் சொல்லி, ஜாமீன் நிர்ணயிக்க வேண்டும். கிராமப்புறங்களில் அந்த மாஜிஸ்திரேட் பெரும்பாலும் ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ் என்னும் உள்ளூர் நீதிபதி. ஜாமீனில் வெளியே போன பிறகு அரசு வழக்கறிஞர் முறைப்படி குற்றம் சாட்ட வேண்டும். பெருங்குற்றமென்றால், குற்றம் சாட்டப் போதிய ஆதாரம் உண்டா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழுவான கிராண்ட் ஜூரி முன் வைக்க வேண்டும். அதற்கு முன் இரத்தப் பரிசோதனை முடிவு ஆய்வகத்திலிருந்து வர வேண்டும். அது வருவதற்குப் பல மாதங்கள் ஆவது வழக்கமாக நடப்பதுதான். சிறு வகைக் குற்றங்களுக்குக் குற்றம்சாட்டச் சட்டம் இரண்டு ஆண்டு அவகாசம் தருகிறது. நான்கு மாதம் என்பது அந்தக் கணக்கில் ஆரம்பம்.

இந்த இடைவெளிக் காலத்தில் படிக்கக் கிடைக்கும் மிக நல்ல ஆவணம் ஒன்று உண்டு. பலருக்கு அது இருப்பதே தெரியாது. ஓட்டியவர் சோதனைக்கு மறுத்திருந்தால், இரத்தம் எடுக்க அதிகாரி மாஜிஸ்திரேட்டிடம் வாரண்ட் வாங்கியிருப்பார். அதற்காக அவர் சத்தியம் செய்து எழுதிக் கொடுக்கும் பிரமாண வாக்குமூலம், வாரண்ட்டை நிறைவேற்றியதுமே பொது ஆவணமாகிவிடுகிறது. நீதிமன்றம் தனியாக முத்திரையிட்டு மறைத்தால் ஒழிய, மாஜிஸ்திரேட்டின் எழுத்தர் அதைக் காட்டியாக வேண்டும். இரண்டு மூன்று பக்கம்தான் இருக்கும். அச்சடித்த படிவத்தில் கையால் நிரப்பியிருப்பார்கள். அதிகாரி எத்தனை மணிக்கு அந்த இடத்துக்குப் போனார், ஓட்டியது இவர்தான் என்று எப்படித் தெரிந்தது, மூச்சில் மது வாடை அடித்ததா, கண் சிவந்திருந்ததா, பேச்சு குழறியதா என்று வரும். பேனாவைக் கண்முன் நகர்த்திக் கண் அசைவைப் பார்த்தது, குதிகாலும் விரலும் ஒட்ட ஒன்பது காலடி நடந்து திரும்பி ஒன்பது காலடி வரச் சொன்னது, ஒற்றைக் காலில் முப்பது விநாடி நிற்கச் சொன்னது, எதில் எங்கே தடுமாறினார் என்பது எல்லாம் வரும். கடைசியில் மாஜிஸ்திரேட்டின் கையெழுத்தும் நேரமும் இருக்கும். அந்த இரவில் என்ன நடந்தது என்று உங்கள் குடும்பம் தெரிந்துகொள்ள இதைவிட நெருக்கமான காகிதம் இல்லை. ஓட்டியவர் தானாகவே சம்மதித்து இரத்தம் கொடுத்திருந்தால் இது இருக்காது.

தேடும்போது குற்றத்தின் பெயரை நம்பாதீர்கள், ஆளின் பெயரை நம்புங்கள். டிடபிள்யூஐ என்று அழைக்கப்படும், குடித்துவிட்டு ஓட்டிய சிறு வகை வழக்குகள், குற்றத்தை ஒப்புக்கொள்ள அரசுத் தரப்போடு செய்யும் பேரத்தில் "நெடுஞ்சாலையை மறித்தது" என்ற வேறொரு குற்றமாகக் குறைந்து முடிவது டெக்சாஸில் நன்கு தெரிந்த வழக்கம். அப்போது தீர்ப்புத் தாளில் மது என்ற சொல்லே இருக்காது. இருபத்தொரு வயதுக்குக் கீழ்ப்பட்டவர் உடலில் சிறிதளவு மது இருந்தாலே டியூஐ என்ற தனிச் சிறு குற்றம். அது கவுண்டி நீதிமன்றத்துக்கே வராமல் ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ் நீதிமன்றத்தில் முடியும். 2019 செப்டம்பர் முதல், இரத்தத்தில் மது 0.15 சதவீதத்துக்குக் கீழே இருந்த முதல்முறைக் குற்றவாளிக்குத் தீர்ப்பை ஒத்திவைத்துக் கண்காணிப்பில் விடவும் வழியுண்டு. அப்படி முடிந்த வழக்கைப் பொதுப் பார்வையிலிருந்து மறைக்கும் ஆணையும் பெறலாம். ஆனால் விபத்தில் இன்னொருவர் சிக்கியிருந்தார் என்று அரசுத் தரப்பு ஆதாரம் வைத்தால் அந்த ஆணை கிடைக்காது. உங்கள் தம்பியின் விஷயத்தில் இது முக்கியம். அரசு வழக்கறிஞருக்கு நினைவூட்டத் தக்கது. விடுதலையாகியோ தள்ளுபடியாகியோ முடிந்த கைதுப் பதிவுகள் முழுவதுமாக அழிக்கப்படவும் கூடும். அது குற்றம் நிரூபணமாகாதவரின் உரிமை. அதைக் குறைசொல்ல மாட்டேன்.

மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறையான டிபிஎஸ் நடத்தும் தண்டனைத் தேடல் தளத்தில் யார் வேண்டுமானாலும் தேடலாம். ஒரு தேடலுக்கு ஒரு டாலரும் சிறு கட்டணமும். இதற்கு முன் ஓட்டியவர் தண்டனை பெற்றிருக்கிறாரா என்று பார்க்க அது உதவும். நிலுவையில் உள்ள இந்த வழக்கைக் கண்டுபிடிக்க உதவாது. ஓட்டுநர் பதிவு வேறு விஷயம். 1994ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் அதைப் பாதுகாக்கிறது. கேட்டவருக்கெல்லாம் கொடுக்க மாட்டார்கள். உரிமம் இடைநிறுத்தப்பட்டது என்று கேள்விப்பட்டால் அதைத் தண்டனை என்று எண்ணாதீர்கள். அது துறை தனியாக நடத்தும் நடவடிக்கை. வழக்கோடு சேராமல் தன் வழியில் போகும்; வழக்கில் அவர் விடுதலையானால் மட்டும் அந்த இடைநிறுத்தம் ரத்தாகும். முப்பது டாலர் கேட்கும் தளங்கள் எங்கோ பழைய தரவை வாங்கி வைத்து விற்கின்றன. மகனை, தம்பியை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டு தேடும் குடும்பங்களிடம் "பதிவு கிடைத்துவிட்டது" என்று ஆசைகாட்டிப் பணம் பிடுங்குவதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. புரூஸ்டர் போன்ற கவுண்டியின் இன்றைய கோப்பு அவர்களிடம் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

இதுவரை சொன்னதெல்லாம் தெருவில் போகும் யாரும் செய்யக்கூடியது. உங்கள் தம்பி வெளியாள் இல்லை. அடுத்தவரின் குற்றச்செயலால் உடற்காயம் பட்டவர் டெக்சாஸ் சட்டப்படி பாதிக்கப்பட்டவர்; மாநில அரசியலமைப்பே அவருக்கு உரிமைகளைத் தருகிறது. நீதிமன்ற நாட்கள், ஒத்திவைப்புகள் பற்றிக் கேட்டால் தெரிவிக்க வேண்டும். தனக்கு நேர்ந்ததை எழுத்தில் பதிவு செய்து நீதிபதியின் பார்வைக்கு வைக்கலாம். அரசு வழக்கறிஞர்களில், சிறு வகைக் குற்ற வழக்கை நடத்துபவர் கவுண்டி அட்டர்னி, பெருங்குற்ற வழக்கை நடத்துபவர் மாவட்ட அட்டர்னி. மாவட்ட அட்டர்னி அலுவலகத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவுவதற்கென்றே ஒருங்கிணைப்பாளர் இருப்பார். தம்பியே அழைத்து, விபத்துத் தேதியும் சிஆர்-3 எண்ணும் சொல்லி, தன் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் பதிவு செய்யச் சொல்லட்டும். உங்களுக்கு இதுவரை தகவல் வராததற்குக் காரணம் யாரும் மறைத்தது என்பதைவிட, அவர்களிடம் இருக்கும் தொடர்பு எண் பழையதாகவோ தவறாகவோ இருப்பதுதான் என்று ஊகிக்கிறேன். அறுவை சிகிச்சைப் பதிவுகளையும் அப்போதே கொடுக்க முன்வாருங்கள். வழக்கு எந்த நீதிமன்றத்துக்குப் போகும் என்பதே அவற்றைப் பொறுத்திருக்கிறது.

குற்றவியல் வழக்கு நகரும் வேகத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு தேதிகளைத் தவறவிடாதீர்கள். காயத்துக்கு இழப்பீடு கேட்டு உரிமையியல் வழக்குப் போட விபத்து நாளிலிருந்து இரண்டு ஆண்டுதான் அவகாசம். அட்டர்னி ஜெனரல் அலுவலகம் நடத்தும் பாதிக்கப்பட்டோர் நிவாரண நிதிக்கு மூன்று ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். குடிபோதை ஓட்டுநரால் காயம்பட்டவர்களும் அதில் அடக்கம். அந்த ஆள் எங்கே குடித்தார் என்பது பிரமாண வாக்குமூலத்திலோ அறிக்கையிலோ இருந்தால், நிலைகொள்ளாத போதையில் இருந்தவருக்கு மேலும் ஊற்றிக் கொடுத்த மதுக்கடையும் டெக்சாஸ் சட்டப்படி பொறுப்பாகலாம். ஆனால் கடையின் கேமராப் பதிவுகள் நெடுநாள் தங்காது. அதனால் சிஆர்-3 கைக்கு வந்த வாரமே அந்தப் பகுதி வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்து, ஆதாரங்களை அழிக்காமல் வைக்கச் சொல்லும் கடிதத்தை அனுப்பச் சொல்லுங்கள்.